ஒரே கணினியில் ஓர் ஒண்டுக்குடித்தனம்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து மாசாயில் என் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு மடிக்கணினி இருக்கிறது. 2017-இல் வாங்கியது. ஏழாம் தலைமுறை இன்டெல் செயலி, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. தங்கை கணவர் விடியுமுன்பே பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார். பகலெல்லாம் அது பிள்ளைகள் கையில். பள்ளிப் பாடத்துக்கு டெலிமா கல்வித்தளம், தமிழ்ப்பள்ளி ஆண்டுமலருக்குத் தட்டச்சு, ஆண்டுக்கொரு முறை வருமானவரிப் படிவம். இவ்வளவுதான் அதன் வேலை. இவ்வளவுக்கும் அது இன்னும் திடமாகத்தான் இருக்கிறது.

ஆனால் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு முடிந்துவிட்டது. நிபந்தனையோடு ஓராண்டு நீட்டிப்பு கிடைக்கிறது. அதுவும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் கதவு திறக்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ஒரு தலைமுறை வித்தியாசத்தில் நல்ல கணினி ஒன்று வாசலுக்கு வெளியே நிற்கிறது.

புதிது வாங்குவது ஒரு வழி. பழைய விண்டோஸை முழுக்கத் துடைத்துவிட்டு லினக்ஸ் ஏற்றுவது இன்னொரு வழி. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று இருக்கிறது. விண்டோஸ் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வட்டின் ஒரு மூலையில் சிறியதாக, தேவைக்கு மட்டுமாக, இரண்டாவது இயங்குதளம் ஒன்றைக் குடிவைப்பது. ஒண்டுக்குடித்தனம் போல. இது எப்போது நல்ல யோசனை, எப்போது வம்பு, எவ்வளவு சிறியது போதும் என்பதை ஒரு சுற்று பார்த்துவிடலாம்.

நாற்பது ஆண்டு வழக்கம்

ஒரே வட்டில் இரண்டு இயங்குதளம் என்பது நேற்று வந்த வித்தை இல்லை. 1983 மார்ச்சில் ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணினியும் டாஸ் 2.0-வும் வந்தபோதே அதற்கு இடம் விட்டிருந்தார்கள். வட்டின் முதல் துண்டு 512 பைட். அதில் 446 பைட் தொடக்க நிரலுக்கு. அடுத்த 64 பைட்டில் நான்கு அறைகளின் விவரம், அறைக்கு 16 பைட். கடைசி இரண்டு பைட் முத்திரை. நான்கு அறை எதற்கு? வெவ்வேறு இயங்குதளங்கள் ஒரே வட்டில் குடியிருக்கத்தான். அந்த நான்கு அறைக் கட்டுமானத்தோடுதான் உலகம் கால் நூற்றாண்டுக்கும் மேல் காலம் தள்ளியது.

லினக்ஸ் 1991-இல் பிறந்தபோது அதற்கென்று தனிக் கணினி வைத்திருந்தவர்கள் குறைவு. டாஸ் இருந்த கணினியில்தான் ஓர் ஓரமாக அதை ஏற்றிப் பார்த்தார்கள். எதைத் திறப்பது என்று கேட்கும் வாயில்காப்போன் தேவைப்பட்டது. 1992-இல் வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ அந்த வேலையைச் செய்தது. 1995-இல் எரிக் போலின் தொடங்கிய கிரப் பின்னர் அதன் இடத்தைப் பிடித்து இன்றுவரை நிற்கிறது.

ஆப்பிளே இதை அங்கீகரித்த காலமும் உண்டு. 2006 ஏப்ரலில் பூட்கேம்ப் வந்தது. இன்டெல் மேக்கில் விண்டோஸை முறையாகக் குடிவைக்கலாம் என்றது. 2020-இல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுக்கு மாறியதும் அந்தக் கதவு மூடிக்கொண்டது. உபுண்டு 2008-இல் ஊபி என்ற கருவியைத் தந்தது. வட்டைப் பிரிக்கவே வேண்டாம். விண்டோஸுக்குள் ஒரு பெரிய கோப்பாக உபுண்டு உட்காரும், வேண்டாமென்றால் சாதாரண மென்பொருள் போல நீக்கிவிடலாம். யோசனை அழகானது. ஆனால் வீட்டுக்காரர் கூரை சாய்ந்தால் குடித்தனக்காரரும் அதனடியில் அகப்படுவார். 2013-இல் அதைக் கைவிட்டார்கள்.

நம் மலேசியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2004-இல் மம்பு என்கிற நிர்வாக நவீனமயத் திட்டப் பிரிவு, பொதுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. அரசு அலுவலகச் சர்வர் அறைகளில் லினக்ஸ் அந்நியமாக இல்லாமல் போனதற்கு அது ஒரு காரணம். வீட்டு மேசைக்கு அது வந்து சேரவில்லை என்பது வேறு கதை.

குறைந்தபட்சம் என்றால் எவ்வளவு?

சின்ன இயங்குதளம் என்றதும் கணினிப் பித்துப் பிடித்தவர்கள் எண்களில் போட்டி போடுவார்கள். டைனி கோர் என்ற லினக்ஸ் 25 எம்பிக்குள் வரைகலைத் திரையோடு வந்து நிற்கும். ஆல்பைன், கண்டெய்னருக்குள் 10 எம்பிக்கும் குறைவாக அடங்கும். டேம் ஸ்மால் லினக்ஸ் 2005 வாக்கில் 50 எம்பி என்ற எல்லைக்குள் ஒரு முழு மேசைத்தளத்தையே அடைத்துக் காட்டியது. அதே பெயரை அதன் ஆசிரியர் 2024-இல் மீண்டும் உயிர்ப்பித்தபோது அளவு 700 எம்பி. ஒரு சிடியின் கொள்ளளவு. பதினாலு மடங்குப் பெருக்கத்துக்கு முக்கியமான காரணம் உலாவி. இன்றைய இணையப் பக்கத்தைத் திறக்கத் தெரியாத கணினியைச் சின்னது என்று மெச்சலாம். அதை வைத்து வீட்டு வேலை எதையும் முடிக்க முடியாது.

ஆகவே நடைமுறைக்கு உதவும் அளவுகோல் டெபியன் லினக்ஸ். அதன் நிறுவல் கையேடு மேசைத்தளம் இல்லாத நிறுவலுக்கு 512 எம்பி ரேமும் 4 ஜிபி வட்டிடமும் சொல்கிறது. மேசைத்தளம் வேண்டுமென்றால் 10 ஜிபி. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச இடம் 64 ஜிபி. இந்த எண்களை அருகருகே வைத்தாலே ஒண்டுக்குடித்தனத்தின் வாடகை எவ்வளவு என்று புரிந்துவிடும். புதுப்பிப்புக்கும் உலாவியின் தற்காலிகக் கோப்புகளுக்கும் இடம் விட்டு 25 முதல் 30 ஜிபி ஒதுக்கினால் ஆண்டுக்கணக்கில் மூச்சு முட்டாது.

செய்முறை இதுதான். 1 ஜிபிக்கும் குறைவான நெட்இன்ஸ்ட் என்ற நிறுவல் கோப்பைப் பெண்டிரைவில் எழுதித் தொடங்கினால், கடைசிக் கட்டத்தில் ஒரு பட்டியல் வரும்: மேசைத்தளங்கள், வெப் சர்வர், எஸ்எஸ்எச் சர்வர், வழக்கமான கருவிகள். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி எல்லா மேசைத்தளக் குறிகளையும் எடுத்துவிட வேண்டும். மறுதொடக்கம் ஆனதும் கறுப்புத் திரையில் பெயர் கேட்கும் ஒற்றை வரி. அந்த வெற்றுத் தரையில்தான் வேண்டியதை ஒவ்வொன்றாக வைக்கிறோம்: ஒரு இலகுவான மேசைத்தளம், உலாவி, அச்சுப்பொறி வேண்டுமென்றால் அதற்குரியது.

இங்கே பலர் இடறும் கல் ஒன்று உண்டு. நிறுவும்போது வைஃபை ஒழுங்காக வேலை செய்திருக்கும். பிறகு மேசைத்தளத்தை ஏற்றும்போது, பரிந்துரைக்கப்படும் துணைத் தொகுப்புகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், வைஃபையை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜரும் கூடவே விடுபட்டுப் போகும். மேசைத்தளம் பளிச்சென்று வரும், இணையத்தைத் தேர்ந்தெடுக்கும் படம் மட்டும் இருக்காது. அதை இறக்கவோ இணையம் வேண்டும். அப்போது கைகொடுப்பது கைபேசிதான். யூஎஸ்பி கம்பியில் சொருகி டெதரிங்கைத் திறந்துவிட்டால் கணினி அதை ஒரு கம்பி இணைப்பாக ஏற்றுக்கொள்ளும். டெபியன் 12 முதல் தனியுரிமை ஃபர்ம்வேரையும் நிறுவல் கோப்பிலேயே சேர்த்துத் தருகிறார்கள். முன்பு இருந்த வைஃபைத் தொல்லையில் பாதி அதோடு போயிற்று.

சின்னதாக வைப்பதன் உண்மையான லாபம் இடம் மட்டுமன்று. ஜொகூரில் கூலாய், செடெனாக் பக்கம் தரவு மையங்கள் வரிசையாக எழும்பி நிற்கின்றன. அப்படிப்பட்ட இடங்களில் ஓடும் லினக்ஸ் சர்வர்களில் மேசைத்தளம் இருப்பது அபூர்வம். இல்லாத மென்பொருளுக்குப் புதுப்பிப்பு வேண்டாம்; இல்லாத சேவையில் ஓட்டை விழாது. கூலாயில் ஆயிரக்கணக்கான சர்வருக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு, மாசாயில் சாப்பாட்டு மேசைக் கணினிக்கும் பொருந்தும்.

தமிழனுக்கு எது குறைந்தபட்சம்?

இதுவரை சொன்னது எல்லாருக்கும் பொது. தமிழில் வேலை செய்பவருக்குக் கணக்கு இங்கே மாறுகிறது. குறைந்தபட்ச நிறுவல் பற்றிய வழிகாட்டிகள் பெரும்பாலும் இதைத் தொடுவதே இல்லை.

லினக்ஸின் கறுப்பு முனையத் திரை அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்களைத்தான் நினைவில் வைத்திருக்கும். ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழுக்கு எண்ணிக்கை மட்டும் சிக்கலில்லை; கோக்கும் விதம்தான் சிக்கல். ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் முதலில் ‘க’, அதன் பின்னால் ஒகரக் குறி. திரையில் வரும்போதோ கொம்பு முன்னால் போக வேண்டும், கால் பின்னால் நிற்க வேண்டும். ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று வரிசையாக அடுக்கும் வெற்று முனையத்துக்கு இந்த வித்தை தெரியாது. ஆங்கிலேயனுக்கு 4 ஜிபி நிறுவலிலேயே கடிதம் எழுத முடியும். தமிழனுக்கு அதில் தன் பெயரைக்கூடச் சரியாகப் பார்க்க முடியாது.

ஆகவே நமக்கு நான்கு பொருள் கட்டாயம்: வரைகலைத் திரை, எழுத்தைக் கோத்துக் காட்டும் நூலகம், ஒரு தமிழ் எழுத்துரு, உள்ளீட்டு முறை. இவற்றில் பாரமானது முதலாவது மட்டுமே. கோக்கும் நூலகமான ஹார்ஃப்பஸ் வரைகலைத் தளத்தோடு தானாகவே வந்துவிடும். லோகித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்கள் சில நூறு கேபி. உள்ளீட்டுக்கு ஐபஸும் அதன் எம்17என் துணைத் தொகுப்பும். அதில் தமிழ்99, தட்டச்சுப் பொறி முறை, ஒலிபெயர்ப்பு முறை எல்லாம் இருக்கின்றன.

மலேசியாவில் கணினித் தமிழ் என்றால் பலருக்கும் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல்தான் கை பழகியது. 1980-களில் தொடங்கிய அந்த உழைப்பின் நிழலில் வளர்ந்த தலைமுறை நாம். அஞ்சல் முறையில் ரோமன் விசைகளை ஒலியாகத் தட்டிப் பழகியவர்கள், லினக்ஸில் ஒலிபெயர்ப்பு முறைக்கு மாறும்போது இரண்டொரு விசைகளில் தடுமாறுவார்கள். ஒரு வாரத்தில் விரல் தேறிவிடும். தமிழ்99 பழகியவர்களுக்கு அந்தத் தடுமாற்றமும் இல்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட விசைப்பலகை என்பதால் எங்கே போனாலும் அதே வரிசை. பழைய டிஸ்கி குறியாக்கத்தில் ஆண்டுமலர் கோப்புகள் வைத்திருப்பவர்கள் மட்டும் முதலில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு வர வேண்டும்.

இன்னொரு நுணுக்கம், ஜொகூர்க்காரர் கண்ணில்தான் படும். லினக்ஸின் அடித்தளமான குனூ சி நூலகத்தில் தமிழுக்கான வட்டார அமைப்பு இந்தியாவுக்கு ஒன்று, இலங்கைக்கு ஒன்று இருக்கின்றன. மலேசியத் தமிழுக்கென்று தனியாக இல்லை. மொழியைத் தமிழ் என்று மட்டும் சொல்லிவிட்டால் பணக் குறி இந்திய ரூபாயாக வந்து நிற்கும், எண்கள் லட்சம் கோடிக் கணக்கில் காற்புள்ளி இடும். தீர்வு எளிது: மொழிக்கு இந்தியத் தமிழ் அமைப்பு, பணத்துக்கும் எண்ணுக்கும் மலேசிய மலாய் அமைப்பு என்று இரண்டையும் கலந்து வைப்பது. லினக்ஸ் அதை அனுமதிக்கிறது. ஆனாலும் உலகில் தமிழ்ப்பள்ளிகளை அரசே நடத்தும் ஒரு நாட்டுக்கு இந்த ஒரு கோப்பு இன்னும் எழுதப்படாமல் இருப்பது நம் கணினித் தமிழார்வலர்கள் யோசிக்க வேண்டிய சங்கதி.

எங்கே குடிவைப்பது?

இடத்தைப் பொறுத்தவரை ஐந்து வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்.

முதலாவது, விண்டோஸுக்குள்ளேயே. மெய்நிகர் இயந்திரம், அல்லது மைக்ரோசாஃப்ட் 2016-இல் கொண்டுவந்த டபிள்யூஎஸ்எல். கற்றுக்கொள்ள இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. ஆனால் விண்டோஸ் திறக்காத நாளில் இதுவும் திறக்காது. பாதுகாப்பு ஆதரவு முடிந்த விண்டோஸுக்குள் இருந்துகொண்டு அதிலிருந்து தப்பிக்க நினைப்பது பொருந்தாது.

இரண்டாவது, நேரடியாகப் பெண்டிரைவிலிருந்து ஓடும் லைவ் முறை. 2000-இல் கிளவுஸ் க்னாப்பர் வெளியிட்ட நாபிக்ஸ் இதை உலகுக்குப் பழக்கியது. அவசரத்துக்குக் கோப்புகளை மீட்க இது போதும். அன்றாடப் பாட்டுக்கு மெதுவு.

மூன்றாவது, யூஎஸ்பியில் சொருகும் வெளிப்புற எஸ்எஸ்டி. புதியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். உள்வட்டைத் தொடவே வேண்டாம். பிடிக்கவில்லையென்றால் கழற்றி வைத்துவிடலாம். ஆனால் நிறுவும்போது தொடக்கக் கோப்புகள் உள்வட்டில் போய் உட்காராமல் அந்த வெளி வட்டிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் வட்டைக் கழற்றிய நாளில் கணினி திருதிருவென்று விழிக்கும்.

நான்காவது, மேசைக்கணினியாக இருந்தால் இரண்டாவது உள்வட்டு. ஆளுக்கொரு வீடு, இதைவிட நிம்மதியான ஏற்பாடு இல்லை.

ஐந்தாவதுதான் நாம் பேசும் ஒண்டுக்குடித்தனம்: ஒரே வட்டைப் பிரிப்பது. மடிக்கணினியில் ஒரே எஸ்எஸ்டிதான் என்றால், நிரந்தரமாக உள்ளேயே வேண்டுமென்றால், இதுதான் வழி. பழைய கணினிகளுக்குப் பரிந்துரைக்கப்படும் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் இந்தப் பட்டியலில் சேராது. அது முழு வட்டையும் எடுத்துக்கொள்ளும், பங்கு தராது.

வட்டைப் பிரிக்கும் வேலையை விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியிலேயே செய்துகொள்வது நல்லது. சில சமயம் 100 ஜிபி காலியாக இருக்கும், ஆனால் 5 ஜிபிதான் சுருக்க முடியும் என்று அது அடம்பிடிக்கும். இடத்தை விட்டு நகராத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருப்பதே காரணம். ஹைபர்நேஷனையும் பக்கக் கோப்பையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் இறங்கி வரும்.

என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் இதைச் செய்தபோது பழைய மேசைக்கணினியில் இரண்டு பார்ட்டிஷன்களையும் 50 ஜிபி, 50 ஜிபி என்று அழகாகச் சமமாகப் பிரித்திருந்தேன். நிறுவல் திரையில் பெயர் தெரியாமல் அளவு மட்டும் தெரிந்தது. தப்பானதைத் துடைத்தேன். அதில் இருந்தது மூன்றாண்டுப் புகைப்படங்கள். அன்று முதல் நான் ஒதுக்குவது 27 ஜிபி, 31 ஜிபி என்று ஒற்றைப்படையில், வேறெதோடும் குழம்பாத எண். பட்டியலில் அந்த எண்ணைப் பார்த்ததும் கை தானாக நிதானிக்கும்.

வாசல் யார் பொறுப்பு?

பழைய நான்கு அறைக் கட்டுமானத்தின் இடத்தில் இப்போது யூஇஎஃப்ஐ என்ற ஃபர்ம்வேர் முறையும் ஜிபிடி என்ற வட்டு அட்டவணையும் வந்துவிட்டன. ஜிபிடியில் வழக்கமாக 128 பார்ட்டிஷன் வரை இடம் உண்டு. தொடக்கக் கோப்புகளுக்கென்று ஃபேட் வடிவத்தில் ஒரு சிறிய பொது அறை. விண்டோஸ் பெரும்பாலும் இதை 100 எம்பி அளவில் கட்டிவைக்கிறது. அதில் விண்டோஸுக்கு ஓர் அலமாரி, லினக்ஸுக்கு ஓர் அலமாரி. கிரப் வைக்கும் கோப்புகள் சில எம்பிதான் என்பதால் இடப் பிரச்சினை வராது. கெர்னலையே அந்த அறையில் வைக்கும் வகைத் தொடக்கிகளைத் தேர்ந்தெடுத்தால் 100 எம்பி சீக்கிரம் நிரம்பிவிடும். குறைந்தபட்ச நிறுவலுக்குக் கிரப்பே தோதானது.

இந்த ஏற்பாட்டின் பெரிய வசதி, எது முதலில் திறக்க வேண்டும் என்று கணினியின் ஃபர்ம்வேரிலேயே குறித்துவைக்கலாம். என் பரிந்துரை பலருக்கு வியப்பாக இருக்கும்: விண்டோஸே முதலில் திறக்கட்டும். லினக்ஸ் வேண்டும்போது எஃப்12, எஃப்9 என்று அந்தந்தக் கணினிக்குரிய விசையைத் தட்டித் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மற்றவர்கள் ஒரு மாற்றத்தையும் உணர மாட்டார்கள். கிரப்பின் பட்டியலில் விண்டோஸ் காணோமே என்று அலறவும் வேண்டாம்; 2.06 பதிப்பிலிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடும் வேலை இயல்பாக நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. வேண்டுமென்றால் ஒரு வரியை மாற்றித் திறந்துகொள்ளலாம்.

விண்டோஸை நேர்வழியில் திறப்பதற்கு இன்னொரு காரணம் பிட்லாக்கர். வட்டு பூட்டப்பட்டிருக்கும் கணினிகளில், திறக்கும் பாதை வழக்கத்துக்கு மாறினால் டிபிஎம் சில்லு சந்தேகப்படும். நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது கையில் இல்லையென்றால் உள்ளே இருப்பது எல்லாம் உங்களுடையதாக இருந்தும் உங்களுக்கு இல்லை. தங்கள் வட்டு பூட்டப்பட்டிருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. புதிய விண்டோஸ் கணினிகளில் அது தானாகவே நடந்துவிடுகிறது. ஆகவே பார்ட்டிஷனைத் தொடுமுன் அந்த 48 இலக்கத்தைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். கணினியில் கோப்பாகச் சேமிப்பது பெட்டிக்குள்ளேயே பெட்டிச் சாவியை வைப்பது போல.

ஒண்டுக்குடித்தனத்தில் சண்டை வருமா என்றால், வந்தது. 2024 ஆகஸ்டு 13-ஆம் தேதி விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, பழைய ஓட்டையுள்ள லினக்ஸ் தொடக்கிகளைத் தடை செய்யும் பட்டியலைக் கணினிகளுக்குள் இறக்கியது. இரண்டு இயங்குதளம் உள்ள கணினிகளில் அது பாயாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது, பாய்ந்தது. உலகெங்கும் பலருடைய லினக்ஸ், செக்யூர் பூட் என்ற பாதுகாப்புத் தொடக்க நிலையில் திறக்க மறுத்தது. முழுத் தீர்வு 2025 மே மாதப் புதுப்பிப்பில்தான் வந்தது. அது தடுத்தது பழைய தொடக்கியோடு இருந்த நிறுவல்களைத்தான். மறந்துவிடப்பட்ட இரண்டாவது இயங்குதளம்தான் ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பொதுச்சுவரும் கடிகாரமும்

குடித்தனத்தில் அன்றாட உரசல்கள் இரண்டு.

ஒன்று, கோப்புகள். 2012-இல் விண்டோஸ் 8-ஓடு வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியில், நாம் அணைத்ததாக நினைக்கும் கணினி முழுதாக அணைவதில்லை. பாதித் தூக்கத்தில் இருக்கிறது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பார்ட்டிஷனில் எழுதினால் கோப்பமைப்பு சிதையலாம். லினக்ஸ் அதனால்தான் எழுத மறுக்கும். அந்த வசதியை நிறுத்திவிடுவதே முறை. இரண்டு பக்கமும் புழங்க வேண்டிய கோப்புகளுக்கு எக்ஸ்ஃபேட் வடிவில் ஒரு சிறிய பொது பார்ட்டிஷன் வைத்தால் யாரும் யார் வீட்டுக்குள்ளும் நுழைய வேண்டாம்.

இன்னொன்று, கடிகாரம். லினக்ஸில் ஒரு மாலை வேலை செய்துவிட்டு விண்டோஸைத் திறந்தால் மாலை ஆறு மணி, காலை பத்து மணியாகக் காட்டும். பேய் பிசாசு இல்லை. தாய்ப்பலகையிலுள்ள கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. லினக்ஸ் உலகப் பொதுநேரமாக எழுதுகிறது. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1-ஆம் தேதி அரைமணி நேரம் முன்னே போனதிலிருந்து நமக்கும் பொதுநேரத்துக்கும் இடைவெளி சரியாக எட்டு மணி. அந்த எட்டு மணிதான் இங்கே குறைகிறது. லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கே வைக்கச் சொல்லும் ஒரே கட்டளை இதைத் தீர்த்துவிடும்.

தமிழ்நாட்டின் பெரும் சோதனை

இரட்டை இயங்குதளத்தைத் தமிழர் நடுவே மிகப் பெரிய அளவில் செய்து பார்த்தது தமிழ்நாடு அரசு. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், முதலாண்டு இலக்கே 9.12 லட்சம் மாணவர்கள். அரசு நிறுவனமான எல்காட் வாங்கித் தந்த அந்தக் கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பாஸ் என்பது சிடாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட, டெபியனை அடித்தளமாகக் கொண்ட இந்திய லினக்ஸ். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் எல்காட் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியிருந்தது. ஆகவே விதை புதிதல்ல.

அறுவடை? சிவகங்கைப் பக்கம் எங்கள் உறவுப் பிள்ளைகள் இருவர் அந்தக் கணினியைப் பெற்றவர்கள். கேட்டேன். ஒருவன் பாஸைத் திறந்ததே இல்லை. இன்னொருவனுடையது பழுதுக்குப் போனபோது, கடைக்காரர் வட்டை முழுக்கத் துடைத்து விண்டோஸ் மட்டும் ஏற்றித் தந்திருக்கிறார். இருவரை வைத்து ஒரு மாநிலத்தை எடைபோட முடியாது. ஆனால் காரணம் விளங்குகிறது: அந்த இரண்டாவது அறையில் அவர்களுக்குச் செய்ய வேலை ஒன்றும் வைக்கப்படவில்லை.

பக்கத்து மாநிலம் கேரளத்தைப் பாருங்கள். அங்கே ஐடி@ஸ்கூல் திட்டம் பாடத்தையும் லினக்ஸில் வைத்தது, பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வையும் லினக்ஸிலேயே வைத்தது. பிள்ளைகள் திறந்தார்கள், ஆசிரியர்களும் பழகினார்கள். இயங்குதளத்தை ஏற்றித் தருவதால் மட்டும் அது பயன்பாட்டுக்கு வந்துவிடாது. அதில் மட்டுமே நடக்கும் ஒரு வேலையாவது இருக்க வேண்டும்.

என் முடிவு

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஒரே கணினியில் சின்ன இரண்டாவது இயங்குதளம் வைப்பது, மாசாய் மேசைக் கணினி போன்றவற்றுக்கு இன்று நல்ல முடிவுதான். ஆனால் எம்பி கணக்கில் சின்னதாக்குவதில் பொருளில்லை. தமிழில் படிக்க, தமிழில் எழுத, டெலிமாவைத் திறக்க எது தேவையோ அதுவே நம் குறைந்தபட்சம். அதற்குக் கீழே இறங்குவது வீம்பு. வெளி எஸ்எஸ்டி கிடைத்தால் அதில் தொடங்குங்கள். உள்வட்டில்தான் என்றால், கோப்புகளைப் பிரதி எடுத்து, 48 இலக்கத்தைத் தாளில் எழுதி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தி, பிறகு வட்டைத் தொடுங்கள். வேலையையும் பிரித்துக் கொடுங்கள்: இணையம் தொட்ட வேலையெல்லாம் லினக்ஸில், பழைய அச்சுப்பொறியும் பழைய மென்பொருளும் மட்டும் விண்டோஸில்.

தங்கை வீட்டுக் கணினியில் 27 ஜிபி லினக்ஸுக்கு ஒதுக்கியிருக்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு அதைத் திறந்து புதுப்பிக்க வேண்டியது மூத்த மகளின் வேலை. நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். மாதம் ஒரு முறை திறக்கக்கூட ஆளில்லாத வீடாக இருந்தால், அந்த 27 ஜிபியை விண்டோஸிடமே விட்டுவிடுங்கள்.